சிங்க்வே தெர்ரே: ஐந்து ஊர்களும் ஆயிரமாண்டுச் சுவர்களும்

இத்தாலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பீசாவின் சாய்ந்த கோபுரம், ரோமின் கொலோசியம், வெனிஸ் நகரத்துப் படகுகள், அப்புறம் பீட்சா. இந்த வரிசையில் இன்னொரு படமும் உண்டு. பெயர் தெரியாமலேயே பலர் அதைப் பார்த்திருப்பார்கள். கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பாறை. அதன்மேல் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல மஞ்சள், ரோஜா, செங்கல் நிற வீடுகள். கீழே நீலக் கடல். காலண்டரிலும் கணினித் திரையிலும் ஜிக்சா புதிர் அட்டையிலும் வரும் அந்தப் படம் பெரும்பாலும் மனரோலா என்ற சிற்றூருடையது.

அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால், வீடுகளை விட்டுவிட்டு அவற்றுக்கு மேலே இருக்கும் மலையைப் பாருங்கள். சீப்பால் வாரிவிட்டதுபோல வரிவரியாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு சுவர். ஒவ்வொரு சுவரும் யாரோ கையால் கல் கல்லாக அடுக்கியது. ஊரின் அழகைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர். அந்த அழகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கோடுகள்தான் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அங்கே போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.

ஐந்து ஊர்கள்

'சிங்க்வே தெர்ரே' என்றால் ஐந்து நிலங்கள். (ஐந்து நிலம் என்றதும் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குக் குறிஞ்சி, முல்லை என்று ஓடத் தொடங்கிவிடும். அது வேறு, இது வேறு!) பழைய இத்தாலிய வழக்கில் 'தெர்ரா' என்பது ஊரையும் குறிக்கும். வடமேற்கு இத்தாலியில், லிகூரியா மாநிலத்தில், லா ஸ்பெட்சியா என்ற துறைமுக நகருக்கு மேற்கே கடலோரமாக இந்த ஐந்து ஊர்களும் வரிசையாக இருக்கின்றன. மேற்கிலிருந்து வந்தால் மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே.

ஐந்துக்கும் ஐந்து குணம். மொந்தெரோஸ்ஸோவில்தான் நீண்ட மணல் கடற்கரை உண்டு. 1975இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் எவ்ஜெனியோ மொந்தாலேயின் குடும்ப வீடு இங்கேதான். சிறுவயதுக் கோடைகளை அவர் இங்கே கழித்தார். வெர்னாட்சாவுக்கு இயற்கையாக அமைந்த குட்டித் துறைமுகம், அதன் ஓரத்தில் அலை வந்து மோதும் பழைய தேவாலயம், மேலே ஒரு காவல் கோபுரம். கொர்னீலியா கடலோரத்தில் இல்லை. சுமார் 100 மீட்டர் உயரப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குப் போக ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும். பேருந்தும் உண்டு, ஆனால் படியேறி வந்தவருக்குத்தான் ஊரின் அருமை தெரியும். மனரோலாதான் அந்தக் காலண்டர் படம். ரியோமஜ்ஜோரேயில் ஊராட்சிக் கட்டடச் சுவர்களில் சில்வியோ பெனதெத்தோ என்ற ஓவியர் தீட்டிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் அரசர்களோ புனிதர்களோ நாயகர்கள் இல்லை. கல் சுமக்கிறவர்களும் திராட்சை பறிக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும்தான் நாயகர்கள்.

பல நூற்றாண்டுகளாக இந்த ஊர்களுக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு இரண்டே வழிகளில்தான். ஒன்று படகு, இன்னொன்று மலைப்பாதையில் கோவேறு கழுதை. ஜெனோவாவையும் லா ஸ்பெட்சியாவையும் இணைக்கும் ரயில் பாதை 1874இல் முழுமை பெற்ற பிறகுதான் நிலைமை மாறியது. இன்றும் அந்த ரயில்தான் உயிர்நாடி. சுரங்கம், சட்டென்று ஒரு கீற்று நீலக் கடல், மறுபடி சுரங்கம் என்று போகும் அந்தப் பயணமே ஒரு வேடிக்கை. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்கள்தான். ஊருக்குள் கார்களுக்கு இடமில்லை.

1997இல் யுனெஸ்கோ இந்தக் கரையையும், பக்கத்திலுள்ள போர்த்தோவேனெரேயையும், பல்மாரியா, தீனோ, தினெத்தோ என்ற மூன்று தீவுகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. 1999இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுனெஸ்கோ இதை 'இயற்கை' என்ற பிரிவில் சேர்க்கவில்லை. 'பண்பாட்டு நிலத்தோற்றம்' என்று சேர்த்தது. அதாவது, மனிதனும் மலையும் சேர்ந்து செய்த பொருள் இது என்று சொல்லியே பட்டியலில் வைத்தது.

சுவர் இல்லாவிட்டால் மலை இல்லை

இந்த மலைகளில் சமதளம் என்று ஒன்று இல்லவே இல்லை. கடலிலிருந்து நேராக மேலே எழும்புகிறது நிலம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்தச் சரிவில் ஏதாவது பயிரிட வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. காட்டை வெட்டி, மணற்பாறையை உடைத்து, அந்தக் கல்லாலேயே சுவர் கட்டி, சுவருக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, ஒரு படி அகலத்துக்கு நிலம் உண்டாக்குவது. அதற்கு மேலே இன்னொரு சுவர், இன்னொரு படி. இப்படியே கடல் மட்டத்திலிருந்து மலை உச்சிவரை.

இந்தச் சுவர்களில் சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, காரை எதுவும் இல்லை. கல்லோடு கல் பொருந்தி நிற்பதுதான் பலம். இது ஏழ்மையால் வந்த குறை அல்ல, யோசித்துச் செய்த வேலை. காரை பூசிய சுவர் மழைத் தண்ணீரைப் பின்னால் தேக்கி வைக்கும். தேங்கிய தண்ணீரின் கனம் ஒரு நாள் சுவரையே தள்ளிவிடும். காரை இல்லாத சுவரிலோ, கல் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்கிவிடும், மண் மட்டும் அங்கேயே நிற்கும். சுவரே வடிகால், சுவரே அணை. இந்த நுட்பம் எவ்வளவு பெரியது என்றால், இத்தாலி உள்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் காரையில்லாக் கற்சுவர்க் கலையை 2018இல் யுனெஸ்கோ தனியாக ஒரு பண்பாட்டு மரபாகவே அங்கீகரித்தது.

சுவர்களின் மொத்த நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டுப் பேசுவது அந்த ஊர்களில் வழக்கம். வித்தியாசம் என்னவென்றால், இதைக் கட்டச் சொல்லி எந்தப் பேரரசரும் ஆணையிடவில்லை. ஆண்கள் கல் உடைத்து அடுக்கினார்கள், பெண்கள் தலைச்சுமையாகக் கல்லும் மண்ணும் திராட்சைக் கூடையும் சுமந்து படியேறி இறங்கினார்கள். பேர் தெரியாத குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக.

ஆனால் இந்த மாதிரிச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை கட்டிவிட்டு விட்டுவிட முடியாது. மழைக்கு ஒரு கல் நழுவும், வேர் விட்ட செடி ஒரு கல்லைத் தள்ளும், காட்டுப் பன்றி மண்ணைக் கிளறும். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் போய் நழுவிய கல்லை எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். வைக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு கல் பத்தாகும், பத்து ஒரு சுவராகும், ஒரு சுவர் அதற்குக் கீழே உள்ள அத்தனை சுவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

அந்த ஆள்கள்தான் இல்லாமல் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் லா ஸ்பெட்சியாவில் கடற்படைத் தளமும் அதன் தொழிற்சாலையும் வந்தன. மாதச் சம்பளம் என்ற ஒன்று முதன்முதலாகப் பக்கத்திலேயே கிடைத்தது. பிறகு திராட்சைக் கொடியை அழிக்கும் ஃபிலாக்சரா பூச்சி வந்து இருந்த தோட்டங்களையும் பதம் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரத்து வேலைகள் இளைஞர்களை மொத்தமாக அழைத்துக்கொண்டன. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த திராட்சைத் தோட்டங்கள் இன்று சுமார் 100 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. மீதி இடத்தைப் புதரும் பைன் மரமும் பிடித்துக்கொண்டன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பச்சையாக, அழகாகத்தான் தெரியும்!

ஒரு நாள் மழை

2011 அக்டோபர் 25. அன்று இந்தக் கரையில் சில மணி நேரத்தில் பல மாதத்து மழை கொட்டியது. மலையிலிருந்து தண்ணீர் மட்டும் வரவில்லை. மண், கல், மரம், கார் எல்லாம் சேர்ந்து ஊருக்குள் இறங்கின. வெர்னாட்சாவின் முக்கியத் தெருவில் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்துக்குச் சேறு நிரம்பியது. தரைத்தளக் கடைகள் கூரைவரை புதைந்தன. அங்கே 3 பேர் இறந்தார்கள். மொந்தெரோஸ்ஸோவில் மற்றவர்களைக் காப்பாற்றப் போன தொண்டர் ஒருவர் வெள்ளத்தோடு போனார்.

பிற்பாடு வெர்னாட்சாவுக்கு மேலே உள்ள சரிவுகளை ஆராய்ந்த புவியியலாளர்கள், நிலச்சரிவுகள் எங்கே அதிகம் நடந்தன என்று பார்த்தார்கள். கைவிடப்பட்ட படிவயல்களில்தான், அதிலும் அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட இடங்களில்தான் அதிகம் என்று தெரிந்தது. காரணம் எளிது. நன்றாகப் பராமரிக்கப்படும் படிவயல் தண்ணீரை வடித்துவிடும். பல பத்தாண்டுகளுக்கு முன்பே காடாகிவிட்ட சரிவை மர வேர்கள் ஓரளவு பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், சுவர் சரிந்துகொண்டும் வேர் இன்னும் ஊன்றாமலும் இருக்கும் நிலம்தான் ஆபத்து.

எனவே அந்த மலைக்கோடுகள் வெறும் பழம்பெருமை அல்ல. கீழே உள்ள தெருவில் தூங்குகிறவர்களின் பாதுகாப்பு அது. பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதும் அருங்காட்சியகம், கண்ணாடிப் பெட்டி, நுழைவுச்சீட்டு என்று நினைக்கிறோமே, அந்த எண்ணம் இங்கே செல்லாது. வேலை நின்றால் இந்தப் பாரம்பரியம் தலையிலேயே விழும்.

தட்டில் இருப்பது என்ன?

சாப்பாட்டுக்கு வருவோம். சாப்பாட்டையும் சுவரையும் பிரிக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு முன்னுரை.

லிகூரியாவின் சமையல் ஏழை நிலத்தின் சமையல். மாட்டுக்கு மேய்ச்சல் இல்லை, கோதுமைக்கு வயல் இல்லை. கைக்கு எட்டியது ஆலிவ், திராட்சை, எலுமிச்சை, கீரை, கொஞ்சம் மீன். அவற்றை வைத்துக்கொண்டு இந்த மக்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதலில் பெஸ்தோ. உலகம் முழுக்கப் பாட்டிலில் விற்கும் அந்தப் பச்சை நிறக் கலவையின் பிறப்பிடம் லிகூரியா. 'இடித்தது' என்பதுதான் பெயரின் பொருள். பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், கல் உப்பு. இவ்வளவுதான். சலவைக்கல் உரலில் மரக் குழவியால் இடிப்பது மரபு. பேசில் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம், தமிழ்நாட்டில் திருநீற்றுப்பச்சை என்று சொல்லும் செடியின் இனமேதான். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதையும் அதிலிருந்து வருவதே. லிகூரியாவில் சிறிய மெல்லிய இலையாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். அங்கே விளையும் 'ஜெனோவா பேசிலு'க்கு 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெயர் கிடைத்தது. பெஸ்தோவை த்ரோஃபியே என்ற முறுக்கிய குட்டிப் பாஸ்தாவோடு, சில சமயம் உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துக் கலந்து தருவார்கள். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாலாடைக்கட்டி வகைகளை உறைய வைக்க மரபாகச் சேர்ப்பது கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள்.

அடுத்தது நெத்திலி. மொந்தெரோஸ்ஸோ நெத்திலிக்குப் பேர் போனது. லிகூரியப் பேச்சுவழக்கில் அதற்குக் 'கடலின் ரொட்டி' என்றே பெயர். இரவில் படகில் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு வரும் மீன்களை வலையில் வளைப்பார்கள். கரைக்கு வந்ததும் தலையையும் குடலையும் கையால் கிள்ளி எடுத்து, ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு கல் உப்பு என்று அடுக்கி, மேலே கனம் வைத்து, வாரக்கணக்கில் ஊற விடுவார்கள். கோடையின் தொடக்கமே பருவம். புதிதாகக் கிடைத்தால் எலுமிச்சைச் சாறு பிழிந்து அப்படியே சாப்பிடுவதும் உண்டு. வெர்னாட்சாவில் நெத்திலி, உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றையும் அடுக்கி அடுப்பில் சுட்டெடுக்கும் ஓர் உணவு இருக்கிறது. அதற்கு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மாணவர்களின் சட்டைப்பைக்கு ஏற்றது ஃபொக்காச்சாவும் ஃபரினாத்தாவும். முன்னது ஆலிவ் எண்ணெயும் உப்பும் தடவிச் சுட்ட தட்டையான ரொட்டி. பின்னது கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கையும் கரைத்துப் பெரிய செம்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் அடை மாதிரியான பண்டம். பேக்கரியில் துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக, ஷாக்கெத்ரா. இது இனிப்புத் திராட்சை மது. பாஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தீனோ என்ற திராட்சை வகைகளைப் பறித்து, நல்ல கொத்துகளை மட்டும் தேர்ந்து, நவம்பர் மாதம்வரை நிழலில் காற்றாட உலர்த்துவார்கள். சுருங்கிய பழத்தை ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து கிள்ளிப் பிழிந்தால், பறித்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சாறாகத் தேறும். முற்காலத்தில் இதைக் கல்யாணத்துக்கும் குழந்தை பிறப்புக்கும் நோயாளிக்கும் என்று எடுத்து வைத்திருப்பார்கள். இந்தக் கரையின் மதுவுக்குப் பேர் இன்று நேற்று வந்ததல்ல. 14ஆம் நூற்றாண்டிலேயே பொக்காச்சோ தன் 'தெக்கமெரோன்' கதை ஒன்றில் கொர்னீலியா மதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். சிறிய பாட்டில் ஒன்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓடாது. பழக்கூடையைக் கொண்டுவர, பல் சக்கரம் வைத்த ஒற்றைத் தண்டவாளக் குட்டி வண்டிதான் சில சரிவுகளில் உண்டு. மற்ற இடங்களில் தோள்தான். அந்த விலையில் ஒரு பங்கு சுவர் கட்டும் கூலி என்று வைத்துக்கொள்ள வேண்டும். (மது குடிக்காதவர்களுக்கும் வழி உண்டு. அந்தச் சுவர்களில் எலுமிச்சையும் ஆலிவும்கூட விளைகின்றன.)

கூட்டமா, கைகளா?

இப்போது பிரச்சினைக்கு வருவோம். ஐந்து ஊர்களிலும் சேர்த்து வசிப்பவர்கள் 4,000 பேருக்கும் குறைவு. ஆண்டுதோறும் வந்து போகிறவர்களோ லட்சக்கணக்கில் அல்ல, பத்து லட்சக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் தங்குவதில்லை. லா ஸ்பெட்சியாவில் நிற்கும் உல்லாசக் கப்பலிலிருந்தோ, ஃபுளோரன்சிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்திலிருந்தோ இறங்கி, ரயிலேறி, மூன்று ஊரில் மூன்று படம் எடுத்து, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். கோடையில் ரயில் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது.

இதைப் பற்றி இத்தாலியில் நிறையப் பேசியாகிவிட்டது. 2016இல் வருகையாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது பற்றிய பேச்சு உலகச் செய்தியானது. 2019இல் ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் நடந்தால் 50 முதல் 2,500 யூரோவரை அபராதம் என்று பூங்கா அறிவித்தது. ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் புகழ்பெற்ற 'காதல் பாதை' 2012 செப்டம்பரில் பாறை சரிந்து 4 பேர் காயமடைந்ததால் மூடப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தப் பாதையைச் சீர்செய்து முழுமையாகத் திறக்க 2024ஆம் ஆண்டு ஆயிற்று. செலவு 2 கோடி யூரோவுக்கு மேல். இப்போது முன்பதிவு, தனிக் கட்டணம், நேரக் கணக்கு எல்லாம் உண்டு.

இவையெல்லாம் தேவைதான். ஆனால் இந்த விவாதம் முழுவதும் ஒரே பக்கத்தைப் பற்றியது. கீழே கடலோரத்தில் ஆள் அதிகம் என்கிறார்கள். மேலே மலையில் ஆள் இல்லை என்பதுதான் பெரிய பிரச்சினை. நாளைக்கே வருகையாளர்களைப் பாதியாகக் குறைத்தாலும் நழுவிய கல் தானாகப் போய் இடத்தில் உட்காராது. கூட்டத்தைக் குறைப்பதால் ரயில் நிலையத்தில் மூச்சு விடலாம், சுவர் நிற்காது.

வேடிக்கையைப் பாருங்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க வருவது அந்தச் சுவர்கள் தாங்கி நிற்கும் காட்சியைத்தான். அவர்கள் செலவழிக்கும் பணமோ கப்பல் நிறுவனத்துக்கும், வெளியூர் முதலாளியின் வாடகை அறைக்கும், எங்கோ செய்த குளிர்சாதனப் பீட்சாவுக்கும், எங்கோ செய்த காந்த ஒட்டுப் பொம்மைக்கும் போகிறது. காட்சியைக் கட்டியவர் கைக்கு வருவது கடைசிச் சில்லறை. வாடகைக்கு விட்டால் ஒரு வாரத்தில் கிடைப்பது தோட்டத்தில் பல மாதம் உழைத்தாலும் கிடைக்காது என்றால், எந்த இளைஞன் மண்வெட்டி எடுப்பான்?

மறுபக்கம்

இதற்கு எதிராகச் சொல்வதற்கும் நியாயங்கள் உண்டு, அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதல் நியாயம், சுற்றுலா இல்லாவிட்டால் இந்த ஊர்கள் எப்போதோ காலியாகியிருக்கும் என்பது. உண்மை. இத்தாலியின் உள்நாட்டு மலைகளில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் கிராமங்கள் எத்தனையோ. 2011 வெள்ளத்துக்குப் பிறகு வெர்னாட்சா விரைவாக எழுந்து நின்றதற்கு, அதை நேசித்த வெளியூர்க்காரர்கள் அனுப்பிய உதவியும் ஒரு காரணம். எனவே சுற்றுலாவே வேண்டாம் என்பது வாதம் அல்ல.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது. முதுகு ஒடியக் கல் சுமந்த வாழ்க்கையை விட்டுத் தப்பித்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, "திரும்பி வந்து கல் சுமங்கள், எங்களுக்குப் படம் எடுக்க வேண்டும்" என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? யாருக்கும் இல்லை. அந்தக் காலத்து உழைப்பை இனிமையாக வர்ணிப்பது, அதைச் செய்யாதவர்களுக்கு எளிது. அந்தப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் பிள்ளைகள் நகரத்துக்குப் போனதில் நிம்மதி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் முடிவு என்ன? உழைப்பை இலவசமாக எதிர்பார்க்கக் கூடாது. முற்காலத்தில் பசி அந்தச் சுவரைக் கட்ட வைத்தது. இனி நல்ல கூலிதான் கட்ட வைக்க வேண்டும். சுவர் கட்டுவதைப் பழைய விவசாயத்தின் மிச்சமாகப் பார்க்காமல், பாலம் பராமரிப்பதுபோல, கடல் அரண் பராமரிப்பதுபோல, ஒரு பொதுப்பணியாகப் பார்க்க வேண்டும். அதைச் செய்பவருக்குக் கொத்தனாருக்குரிய மரியாதையும் சம்பளமும் வேண்டும்.

இது வெறும் கனவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 2019இல் மனரோலாவில் ஒரு திட்டம் தொடங்கியது. கைவிடப்பட்ட சில ஹெக்டேர் படிவயல்களை மீட்டு, சுவர் கட்டும் கலையைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, மீட்ட நிலத்தை மறுபடி பயிரிடக் கொடுப்பது அதன் நோக்கம். மலை முழுவதற்கும் அது போதாது. மலை முழுவதையும் மீட்கவும் முடியாது. சில சரிவுகளைக் காட்டுக்கே விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் ஊருக்கு நேர் மேலே இருப்பவற்றை விட முடியாது, விடவும் கூடாது.

என்ன செய்யலாம்?

அரசும் பூங்காவும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கப்பலில் வருகிறவர், அறை வாடகைக்கு விடுகிறவர், பாதையில் நடக்கிறவர் என்று இந்தக் காட்சியால் பயன் பெறும் ஒவ்வொருவரிடமும் வாங்கும் காசில் ஒரு பங்கு நேராகச் சுவருக்கு என்று எழுதி வைக்க வேண்டும். சீட்டிலேயே அச்சடிக்கலாம், "இதில் இவ்வளவு சுவருக்கு" என்று. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் முணுமுணுப்பு பாதி குறையும்.

போகிறவர்கள் செய்யக்கூடியது அதைவிட எளிது. ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ போகலாம். ஒரு நாளில் ஐந்து ஊரையும் 'முடிக்கும்' ஓட்டத்தை விட்டு, ஒரு ஊரில் இரண்டு இரவு தங்கலாம். கடலோரப் பாதையில் நெரிசல் என்றால் மேலே போகலாம். ஒவ்வொரு ஊருக்கும் மேலே மலையில் ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது, அவற்றுக்குப் போகும் பாதைகள் படிவயல்களின் நடுவேதான் போகின்றன. அங்கே கூட்டமும் குறைவு. நல்ல காலணி வேண்டும், சுவர்மேல் ஏறி நின்று படம் எடுக்கும் ஆசையை அடக்க வேண்டும்.

முக்கியமாக, அங்கே விளைந்ததைச் சாப்பிட வேண்டும். கடைக்காரரிடம் "இது எங்கே விளைந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மொந்தெரோஸ்ஸோ நெத்திலி ஒரு தட்டு, உள்ளூர் ஆலிவ் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி, விருப்பமும் வசதியும் உள்ளவர்களுக்கு ஷாக்கெத்ரா ஒரு சிறு கிண்ணம். மாணவர்களாக இருந்தால் நான்கு பேர் காசு போட்டு ஒரு பாட்டில் எலுமிச்சை ஜாம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தக் காசு படியேறி மேலே போகும், மண்வெட்டி பிடித்திருக்கும் கைக்குப் போய்ச் சேரும்.

அழகான இடங்களைப் பற்றிப் பேசும்போது "இயற்கை அன்னையின் கொடை" என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்வது வழக்கம். சிங்க்வே தெர்ரேயில் இயற்கை கொடுத்தது செங்குத்தான பாறையும் கடலும் மட்டும்தான். மீதியை மனிதர்கள் சுமந்து வந்து வைத்தார்கள். அவர்கள் வைத்த கற்கள் ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டாக நழுவிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மழைக்குமுன் அவற்றை எடுத்து வைக்க யாராவது இருப்பார்களா என்பதில்தான் அந்தக் காலண்டர் படத்தின் ஆயுள் இருக்கிறது. அதன் கீழே வாழ்கிறவர்களின் ஆயுளும்.